பூசிய நிறமும் பிறந்த நிறமும்: ஜப்பானியத் தெருக்களில் ஒன்பது நாட்கள்

நவம்பர் 6, 2024, புதன் – ஒசாகா

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, எவ்வளவு, சாயம் எத்தனை துவைப்புக்குத் தாங்கும், சாம்பிள் என்றைக்குப் போகும் என்பதிலேயே எங்கள் பொழுது போய்விடும். அட்டைப்பெட்டியில் ஏறிப் போகிற உடுப்பு எந்த ஊர்த் தெருவில் யார் மேல் எப்படி உட்காருகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அரிது. அலுவலகம் என்னை ஒசாகாவுக்கு அனுப்பியபோது, இரண்டு நாள் வேலை முடிந்த கையோடு விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டேன். ஊர் திரும்பியபின் குறிப்பேட்டைப் பார்த்து நாள்வாரியாக இதை எழுதுகிறேன். துணியைப் பார்க்கப் போனவள் பெரும்பாலும் தோலைப் பற்றியே குறித்து வைத்திருக்கிறேன்.

ஷின்சாய்பாஷிக்கு மேற்கே சில தெருக்களை அமெரிக்காமுரா, அதாவது அமெரிக்க ஊர், என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அமேமுரா என்று சுருக்கிவிடுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில், கிடங்குகளாகக் கிடந்த கட்டிடங்களில் சில இளைஞர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய ஜீன்ஸையும் அலைச்சறுக்குப் பலகைகளையும் விற்கத் தொடங்கினார்கள். அதுவே ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. தெருவிளக்குக் கம்பங்கள் இங்கே கை விரித்து நிற்கும் மனித உருவில் இருக்கின்றன. நடுவில் உள்ள முக்கோணப் பூங்காவின் படிக்கட்டில் உட்கார்ந்து 600 யென்னுக்கு ஒரு தட்டு தக்கோயாகி வாங்கினேன். நம் குழிப்பணியாரக் கல்லைப் போன்ற இரும்புத் தட்டில், ஊசியால் குத்திக் குத்தித் திருப்பி எடுக்கிறார்கள். உள்ளே ஆக்டோபஸ் துண்டு. பணியாரம் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டதில் நாக்கு வெந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒன்றும் பேசாமல் தன் குளிர்ந்த தேநீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பூங்காவுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடை முழுவதும் சிகானோ உடைகளாக இருந்தன. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் கலிபோர்னியாவில் உருவாக்கிக்கொண்ட பாணி அது: கழுத்துப் பித்தானை மட்டும் போட்டு மற்றவற்றைத் திறந்துவிட்ட கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தொளதொளவென்ற காக்கிக் கால்சட்டை, நெற்றியில் கைக்குட்டை, குவாடலூப்பே மாதாவின் படம். கடையிலிருந்த இளைஞர் ஒரு காக்கிக் கால்சட்டைக்குக் கஞ்சி தெளித்து, கத்தி முனை போல மடிப்பு நிற்கும்வரை ஐந்து முறை தேய்த்தார். ஐந்தாம் முறை தேய்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாணி எதனால் பிடித்தது என்று கைபேசி மொழிபெயர்ப்பின் துணையோடு கேட்டேன். குடும்பத்தையும் தாயையும் மேலே வைக்கும் வாழ்க்கை அது என்றும், ஏழைகள் வேலைக்குப் போடும் உடுப்பையே கௌரவமாக உடுத்திக் காட்டினார்கள் என்றும் சொன்னார். அந்த மடிப்பைப் பார்த்த பிறகு எனக்கு அவர் சொல்லில் சந்தேகம் வரவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு முடிதிருத்தும் நிலையம். தலையோட்டை ஒட்டி வரிவரியாகப் பின்னும் ஆப்பிரிக்கப் பின்னல் 15,000 யென் என்று பலகையில் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். உச்சி வகிடு சிவந்து போயிருந்தது. பள்ளி முடியும்வரை இதற்காகக் காத்திருந்தேன் என்றாள். ஜப்பானியப் பள்ளிகளில் முடிக்கு உள்ள கட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல. எங்கள் பள்ளியிலும் இரட்டைச் சடையை மடித்துக் கட்டாமல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் 2023-இல், பக்கத்து ஹியோகோ மாகாணத்தில், கறுப்பின அமெரிக்கத் தந்தைக்குப் பிறந்த ஒரு மாணவன் தன் சுருள்முடியை இதே போலப் பின்னிக்கொண்டு பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது, மற்றவர்களோடு உட்கார விடாமல் மாடியில் தனியே உட்கார வைத்தார்கள். அவனுக்கு அது பிறப்போடு வந்த முடியை ஒழுங்குபடுத்தும் வழி. இந்தப் பெண்ணுக்கு அது பிறந்தநாள் பரிசு. அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கேலி துளியும் இல்லை, ஆசை மட்டுமே இருந்தது. அந்தச் சிறுவனை அறியாமல் போயிருந்தால் நானும் கூடச் சேர்ந்து மகிழ்ந்திருப்பேன்.

நவம்பர் 8, வெள்ளி – டோக்கியோ, ஷிபுயா

நேற்று வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் முகப்பூச்சுப் புட்டி உடைந்து இரண்டு சேலைகள் வீணாகியிருந்தன. நிஷிகசாயில் வசிக்கும் சித்தி மகள் அலுவலகத்திலிருந்து வர மாலையாகும் என்பதால், நானே ஷிபுயாவில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். ஓர் ஆள் உயர அடுக்கு முழுவதும் பிஹாகு, அதாவது அழகிய வெண்மை, என்ற சொல்லைத் தாங்கிய புட்டிகள். இருப்பதிலேயே அடர்ந்த நிறத்தை என் மணிக்கட்டின் உட்புறத்தில், வெயில் படாத இடத்தில், தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு தீற்றியது போலத் தனியாக நின்றது. விற்பனைப் பெண் வந்து பார்த்துவிட்டு நான்கு முறை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு தூறலில் குடையை எனக்கே முழுவதும் பிடித்துக்கொண்டு, சாலையைக் கடந்து, வெளிநாட்டுச் சரக்கு விற்கும் வேறொரு கடையின் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். அங்கே 3,960 யென்னுக்கு என் நிறம் கிடைத்தது. ஏறக்குறைய 2,200 ரூபாய்.

இந்த நாட்டில் ஒரு பழமொழி உண்டு: வெளுத்த நிறம் ஏழு குறையை மறைக்கும். நமக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் ‘பொண்ணு செவப்பா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று வாய் நிறையச் சொன்ன என் அப்பத்தாதான், நான் வயதுக்கு வந்த வாரம் முழுவதும் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து என் கழுத்தில் தேய்த்தாள்.

இப்படிப்பட்ட ஊரில், 1990-களின் இறுதியில், பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் வேண்டுமென்றே தங்களைக் கறுப்பாக்கிக்கொண்டு இதே ஷிபுயாவில் நின்றார்கள். கங்குரோ என்று பெயர். தோலைக் கருக்கும் விளக்குப் படுக்கையில் படுத்து எழுந்து, அதன் மேல் அடர்ந்த பூச்சுப் பூசி, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை தீட்டி, முடியை வெள்ளிப் பழுப்பாக வெளுத்து, அரை அடி உயர அடித்தட்டுள்ள காலணியில் நடந்தார்கள். அதிலும் முற்றியவர்களுக்கு யமன்பா என்று பெயர் வந்தது. நாட்டுப்புறக் கதைகளில் மலையில் அலையும் கிழவிப் பேயின் பெயர் அது. ஆண்கள் படிக்கும் வார இதழ்கள் இவர்களை அழுக்கு என்று எழுதின. 1979-இல் திறந்த 109 என்ற வட்டக் கோபுர ஆடைக்கடைக் கட்டிடம்தான் இவர்களின் கோயில். 1995-இல் தொடங்கிய ‘எக்’ என்ற இதழ்தான் இவர்களின் கண்ணாடி. அதற்குச் சற்று முன்பே, தெற்குக் கோடித் தீவான ஒகினாவாவிலிருந்து வந்த பாடகி நமியே அமுரோவைப் பார்த்து நாடெங்கும் பெண்கள் கருத்த தோலுக்கும் உயர்ந்த காலணிக்கும் மாறியிருந்தார்கள். அந்தப் பாடகியோ அமெரிக்காவின் ஜானெட் ஜாக்சனைப் பார்த்து வளர்ந்தவர். 1903-இல் ஒசாகாவில் நடந்த கண்காட்சியில் ஒகினாவா மக்களையும் வடக்கின் பழங்குடிகளான ஐனு மக்களையும் மனிதக் காட்சிப் பொருளாக நிறுத்திய நாடு இது. ஒகினாவாப் பெண்ணொருத்தியைப் பார்த்து அதன் தலைநகரமே தன்னை மாற்றிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இரவு உணவுக்குத் தங்கை தன் அலுவலகத் தோழியை அழைத்து வந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, சாம்பல் நிறக் கோட்டு, நகத்தில் நிறமற்ற பூச்சு. 1999-இல் இவர் கங்குரோ. வறுத்த தாமரைக் கிழங்கும் எடமாமே என்ற பச்சைச் சோயா அவரையும் மேசைக்கு வர, அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார், தங்கை தமிழில் சொல்லிவந்தாள். வாரம் மூன்று முறை விளக்குப் படுக்கை. பகுதிநேர வேலைச் சம்பளம் அதற்கே போனது. ரயிலில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகும். அம்மா அழுதார், அப்பா ஓராண்டு பேசவில்லை.

“கறுப்பின மக்களைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தீர்களா?” என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். “அன்றைக்கு எனக்குக் கறுப்பினத்தவர் ஒருவரையும் தெரியாது. வெள்ளையாக, மெல்லப் பேசுகிற, நல்ல பெண்ணாக இரு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அப்படி இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று நினைத்தேன். எங்களோடு திரிந்த சிலருக்கு ஹிப்ஹாப் உயிர். அவர்கள் உண்மையிலேயே அந்த மனிதர்களைப் போல இருக்க ஆசைப்பட்டார்கள். எனக்கு அது தோழிகளோடு சேர்ந்து போட்டுக்கொண்ட கவசம்.”

பிறகு எப்படி விட்டீர்கள் என்று தங்கை கேட்டாள். “வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விளக்குப் படுக்கைக்குப் போவதை நிறுத்தினேன். மூன்று மாதத்தில் வெளுத்துவிட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இயல்பாகத்தான் சொன்னார். கையிலிருந்த குச்சியை நான் கீழே வைத்துவிட்டேன். மூன்று மாதம். எனக்கும் தங்கைக்கும், அந்த ஹியோகோச் சிறுவனுக்கும், அந்தக் கணக்கு கிடையாது. இருந்தாலும், பதினேழு வயதில் ரயில் பெட்டி முழுவதும் முகம் சுளிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் துணிச்சலை நான் மதிக்கிறேன். கறுப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை, நம் ஊர் நிறம் குறைந்த பெண்களைப் போல, அவரும் சிறிது காலம் உடம்பால் அறிந்திருக்கிறார். அறிந்ததை அவர் மறக்கவும் இல்லை. தன் மகளிடம் நிறம் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்றார்.

விடைபெறுமுன் மூவரும் ஒரு புரிகுராக் கூண்டுக்குள் போனோம். 1995-இல் வந்த ஒட்டுப்பட இயந்திரம், இப்போது ஒரு முறைக்கு 500 யென். திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் எங்களைக் கேட்காமலே கண்களைப் பெரிதாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, மூன்று பேர் தோலையும் ஒரே பால் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. என் மூக்குத்தியை மச்சம் என்று எண்ணி அழித்துவிட்டது. தோழி குனிந்து அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, வெண்மையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைத்தார். அப்போதும் என் நிறம் வரவில்லை. 1999-இல் இந்த இயந்திரங்கள் நாங்கள் இருந்தபடியே எங்களைக் காட்டின என்றார்.

திரும்பும் வழியில் ஸ்பெயின் சரிவு என்ற சிறிய ஏற்றத்தில் தங்கை ஒரு கட்டிடத்தைக் காட்டினாள். இப்போது இசை அரங்கு. முன்பு சினிமா ரைஸ் என்ற திரையரங்கு; 1998-இல் ரஜினிகாந்தின் ‘முத்து’ இங்கேதான் மாதக்கணக்கில் ஓடியது. அதே காலத்தில், கூப்பிடு தூரத்தில், முகத்தைக் கறுப்பாக்கிய பெண்கள் நின்றிருந்தார்கள். தோழிக்கு அந்தப் படம் நினைவிருந்தது. எங்கள் கூட்டத்தில் நான்கு பேர் போய்ப் பார்த்தோம், அந்த நடிகர் தன் நிறத்தோடேயே நாயகனாக நின்றது எங்களுக்குப் பிடித்திருந்தது என்றார்.

நவம்பர் 9, சனி – ஹராஜுகு

வெயில். தகேஷிதா தெருவில் ஆள் மேல் ஆள் இடித்து நடக்க வேண்டியிருந்தது. தாவணிக் கொசுவம் போல மடித்த, கிரேப் என்ற மெல்லிய இனிப்புத் தோசை 650 யென். ஸ்ட்ராபெரி கீழே விழுந்ததும் கடைக்காரர் கூப்பிட்டு இன்னொன்று வைத்துக் கொடுத்தார்.

ஹிப்ஹாப் உடைகள் விற்கும் கடைகளின் வாசலில் ஆப்பிரிக்க ஆண்கள் நின்று ஆட்களை அழைக்கிறார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் “சிஸ்டர், இந்தியாவா?” என்று கேட்டு நிறுத்தினார். நைஜீரியாக்காரர், இருபது ஆண்டுகளாக டோக்கியோவில் இருக்கிறார், மகள் இங்கேதான் கல்லூரியில் படிக்கிறாள். பேச்சுக்கொடுத்தபோது மனம் விட்டுச் சொன்னார்: இந்த வேலைக்கு வந்த புதிதில், எந்த ஊர் என்று யார் கேட்டாலும் நியூயார்க் என்று சொல்லும்படி முதலாளி சொல்லியிருந்தாராம். “பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும், என் கைகுலுக்கல் பிடிக்கும். ஆனால் லாகோஸ் என்றால் முகம் வாடிவிடும். கறுப்பு மனிதன் பாட்டிலிருந்து இறங்கி வந்தவனாக இருக்க வேண்டும்.” இப்போது லாகோஸ் என்றே சொல்கிறாராம். மகள் சொல்லச் சொன்னாளாம்.

அவர் நீட்டிய டி-சர்ட்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தேன். நல்ல கனம், 220 ஜிஎஸ்எம் குறையாது, கழுத்துப் பட்டை மட்டும் தளர்வு. உள்ளே பிரித்தால் வங்கதேசம் என்று முத்திரை. நியூயார்க்கின் பெயரை டாக்காவில் அச்சிட்டு, லாகோஸ்காரர் டோக்கியோவில் விற்கிறார். 5,900 யென் விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால் வாங்காமல் வைத்துவிட்டேன்.

ஹிப்ஹாப் இந்த ஊருக்கு வந்த வழி நேர்மையானது. 1983-இல் நியூயார்க்கின் ஆட்டக்காரர்களும் இசைத்தட்டுக் கலைஞர்களும் இங்கே வந்து ஆடிக் காட்ட, பார்த்தவர்கள் ஞாயிறுதோறும் யோயோகிப் பூங்காவருகே தரையில் அட்டை விரித்துப் பழகினார்கள். பத்தாண்டு கழித்து, 1993-இல், ஹராஜுகுவின் பின்தெருக்களில் நிகோ என்ற வடிவமைப்பாளர் தொடங்கிய பேத்திங் ஏப் என்ற உடை நிறுவனத்தின் சட்டைகளை அமெரிக்க ராப் பாடகர்களே தேடி அணியும் நிலை வந்தது. கொடுத்தவர் கையிலேயே வாங்கியவர் திருப்பித் தந்ததாக இதை நான் பார்க்கிறேன்.

1978-இல் திறந்த லாஃபோரே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் லோலிடா உடைகள். ஐரோப்பாவின் பழைய மாளிகைச் சீமாட்டியும் விக்டோரியா காலத்துப் பொம்மையும் சேர்ந்த கோலம். 2009-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சு நியமித்த மூன்று அழகுத் தூதர்களில் ஒருவர் இந்த உடையில்தான் உலகைச் சுற்றினார். 34,000 யென் உடை ஒன்றை உட்புறம் திருப்பிப் பார்க்க அனுமதி கேட்டேன். தையல் விளிம்பு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பருத்திச் சரிகைப் பின்னல் மூலைக்கு மூலை பூ வரிசை பிசகாமல் சேர்க்கப்பட்டிருந்தது. அப்போது அறையிலிருந்து அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண், இளநீல உடையும் சிறிய தொப்பியுமாக வெளியே வந்தார். எங்கள் ஊரில் இதைப் போட்டால், இது வெள்ளைக்காரப் பெண்களுக்கான உடை என்று சொல்கிறார்கள் என்றார். ஜப்பானியர் உருவாக்கிய உடைக்கு அமெரிக்காவில் காவல். கடைப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து, அவருடைய சுருண்ட முடி நசுங்காதபடி தொப்பியின் நாடாவை மூன்று முறை மாற்றிக் கட்டிப் பார்த்தார். அந்த மூன்றாவது முடிச்சில் அவ்வளவு கவனம் இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு – யோயோகிப் பூங்கா

குளிர் காற்று. தானியங்கிப் பெட்டியில் 140 யென்னுக்குச் சூடான மக்காச்சோளச் சூப்பு டப்பா. அடியில் ஒட்டிய முத்துகள் கடைசிவரை வரவில்லை.

பூங்கா வாசலில், ராக்கபில்லி என்ற பழைய அமெரிக்க இசைக்கு ஆடும் ஆட்டக்காரர்கள். தோல் சட்டை, எண்ணெய் பூசி முன்னே தூக்கிச் சீவிய முடி, பெரும்பாலும் அறுபதை நெருங்கியவர்கள். காலணியின் அடித்தட்டு பிய்ந்து கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். தார்ச்சாலையில் ஆடி ஆடித் தேய்ந்தது. 1977 முதல் 1998 வரை ஞாயிறுகளில் இந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விடுவார்களாம். அப்போது இவர்கள் இளைஞர்கள். 1950-களின் அமெரிக்க வெள்ளை இளைஞர்களின் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த இளைஞர்களோ தங்கள் இசையைக் கறுப்பினப் பாடகர்களிடமிருந்து எடுத்தவர்கள். ஒருவர் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, முழங்காலைத் திருப்பும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். பாட்டுக்கு நடுவே ஒலிபெருக்கியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. வாயால் தாளம் போட்டு ஆட்டத்தை முடித்தார்கள்.

நவம்பர் 12, செவ்வாய் – யோகோசுகா

தனியாகப் போனேன், ஷினகாவாவிலிருந்து முக்கால் மணி நேரம். கெய்கியூ ரயிலில் பிரிந்து போகும் பெட்டியில் ஏறிவிட்டதால் வேறு ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. இறங்கும்போது நல்ல மழை.

அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் வாசலை ஒட்டிய தெருவுக்கு தொபுயிதா, சாக்கடைப் பலகை, என்று பெயர். ஓடிய சாக்கடையை இரும்புத் தகட்டால் மூடியதால் வந்த பெயர். சுகாஜான் என்ற பளபளக்கும் சட்டை பிறந்த இடம் இது. 1945-க்குப் பின் வந்த அமெரிக்கப் படையினர் ஊர் திரும்பும் நினைவாகத் தங்கள் விளையாட்டுச் சட்டையின் முதுகில் கழுகும் புலியும் டிராகனும் தைத்துக் கேட்டார்கள். பட்டுத் தட்டுப்பாடு என்பதால் அசிட்டேட் துணியில், கிரியூ ஊரின் கிமோனோத் தையற்காரர்கள் ஊசி பக்கவாட்டில் அசையும் இயந்திரத்தில் வரைபடம் இல்லாமலே தைத்தார்கள். பிறகு ஜப்பானியத் தறுதலைப் பையன்களின் உடையானது. இப்போது 45,000 யென். ஒரு கடையில் புலியின் கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தேன்: ஐந்து மஞ்சள், அதன் நடுவே ஒற்றை வெள்ளைத் தையல். அந்த ஒரு தையலை எடுத்துவிட்டால் புலி செத்துவிடும்.

மதியம் கடற்படைக் குழம்பு, கோழியில். 1908-ஆம் ஆண்டு ஜப்பானியக் கடற்படைச் சமையல் குறிப்பின்படி செய்தது. இந்தியக் குழம்பு பிரிட்டிஷ் கப்பல் வழியாக மாவு சேர்த்துக் கெட்டியாகி இங்கே வந்திருக்கிறது. கூடவே பச்சைக் காய்கறியும் ஒரு தம்ளர் பாலும் வைப்பது இந்த ஊர் முறை. குழம்பும் பாலுமா என்று நான் தயங்கியதைப் பார்த்த பரிமாறும் அம்மா, பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

இந்நகரின் குரிஹாமாக் கடற்கரையில்தான் 1853-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி இறங்கினார். மறுவருடம் திரும்பி வந்து, ஜப்பானின் துறைமுகங்களைத் திறந்துவிடும் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 27 அன்று, தன் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். விருந்துக்குப் பின் வெள்ளை மாலுமிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைகளைக் கேலி செய்யும் பாட்டும் ஆட்டமும் நடத்தினார்கள். அமெரிக்கா இந்த நாட்டுக்குக் கறுப்பு மனிதரைத் தொடக்கத்திலேயே கேலி வேடமாகவும் காட்டிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஒரு நகைச்சுவை நடிகர் முகத்தில் கறுப்புப் பூசித் தொலைக்காட்சியில் வந்து எதிர்ப்பு எழுந்தபோது, அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று பலர் வாதிட்டார்கள். எண்ணம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கரி எந்தக் கப்பலில் வந்தது என்பது வரலாற்றில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் சந்தித்த பெண்ணின் முகப்பூச்சையும் இந்த நடிகரின் முகப்பூச்சையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. முன்னவர் தன் ஊரின் வெண்மையை எதிர்த்துப் பூசினார், பின்னவர் சிரிக்க வைக்கப் பூசினார். பார்க்கும் கறுப்பினப் பயணி ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தால், அவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

துறைமுகங்கள் வெறும் உடையை மட்டும் விட்டுப் போவதில்லை. படையினருக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக இதே கனகாவா மாகாணத்தின் ஒயிசோவில் 1948-இல் மிகி சவாதா ஓர் இல்லம் தொடங்கினார். இன்னொரு கடற்படை நகரமான சசெபோவில் பிறந்த அரியானா மியாமோதோ 2015-இல் நாட்டின் அழகியாகத் தேர்வானபோதும், தந்தை கறுப்பின அமெரிக்கர் என்பதால், இவர் போதுமான அளவு ஜப்பானியர்தானா என்று கேட்டார்கள். அவருடைய நிறம் எந்த மூன்று மாதத்திலும் வெளுக்கப்போவதில்லை.

நவம்பர் 14, வியாழன் – கவாகோயே

கடைசி நாள். கால் வீங்கிவிட்டதால் தங்கையின் தளர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். இகெபுகுரோவிலிருந்து அரை மணி நேரம். 1893-இன் பெருந்தீக்குப் பின் வணிகர்கள் கட்டிய தடித்த மண்சுவர்க் கடைகள் வரிசையாக நிற்கின்றன, சுவர்கள் கறுப்பு. சுண்ணாம்புச் சாந்தில் கரி கலந்து, முகம் தெரியும்வரை தேய்த்து மெருகேற்றியது. ஊரெங்கும் சர்க்கரைவள்ளி மணம். நீளவாக்கில் சீவிப் பொரித்த வறுவல் ஒரு குவளை 600 யென்.

இங்கே வரச் சொன்னவர், எங்களிடம் உடுப்பு வாங்கும் ஒசாகா நிறுவனத்தின் அலுவலகத்துப் பெரியவர். மெட்ராஸ் பக்கம் என்று நான் சொன்னதும், அப்படியானால் தோசான் துணியைப் பார்க்காமல் போகாதே என்றார். அடர் நீலத்தில் சிவப்பும் செம்மண் நிறமுமாக மெல்லிய கோடுகள் ஓடும் பருத்தி அது. அதன் முழுப்பெயரில் சந்தோமே என்ற சொல் இருக்கிறது. சந்தோமே என்பது நம் சாந்தோம். சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட துணி போர்த்துகீசியர் காலத்திலேயே இந்த நாட்டுக்கு வந்து அந்தத் துறையின் பெயரைப் பெற்றது. பின்னர் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள் நாகசாகிக்குக் கொண்டுவந்தார்கள். பட்டு உடுத்தக் கூடாது என்று சாதாரண மக்களுக்குச் சட்டம் இருந்த எடோ காலத்தில், பட்டுப் போல மினுங்கும் இந்தப் பருத்திக் கோடுகள்தான் நகரத்து ரசிகர்களின் உச்ச நாகரிகம். இன்றைய டோக்கியோ அன்று எடோ என்றே அழைக்கப்பட்டது. 1859-இல் யோகோஹாமாத் துறைமுகம் திறந்தபின், இறக்குமதி நூலை வாங்கி அதே துணியைக் கவாகோயேயில் நெய்யத் தொடங்கினார்கள்.

சிறிய கடை. எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் சுருளைப் பிரித்துப் போட்டார். நூல் மிக மெலிது. நீலத்துக்கு நடுவே ஒற்றை இழையாகச் செந்நிறம் ஓடி, மூன்றங்குலத்துக்கு ஒரு முறை இரட்டை இழையாகிறது. தள்ளி நின்றால் கோடு மறைந்து நிறம் மட்டும் மிஞ்சுகிறது. என் சின்னம்மா காஞ்சிபுரத்தில் நெய்த கட்டாரிக் கரையை இப்படித்தான் தள்ளி நின்று பார்ப்பார். மீட்டர் 3,300 யென். இரண்டு மீட்டர் கேட்டேன்.

சாந்தோம் என் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம், அந்தத் தேவாலயத்தையும் கடலையும் பார்த்திருக்கிறேன் என்று கைபேசியில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். பிறகு என் கையைப் பிடித்துத் துணியின் மேல் வைத்து, என் தோலையும் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு உங்கள் கை மேல் நன்றாக இருக்கிறது, எங்கள் கை மேல் நீலம் கொஞ்சம் குளிர்ந்துவிடுகிறது என்றார். நெசவு விற்கிறவர் துணியைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். இந்த ஒன்பது நாளில் என் நிறத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

கல்லாவுக்கு அடியிலிருந்து தடித்த கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து, அந்த ஊர்ப் பெயரை உங்கள் எழுத்தில் எழுதுங்கள் என்றார். சாந்தோம் என்று எழுதினேன். ஒவ்வோர் எழுத்தின் கீழும் தம் எழுத்தில் ஒலியைக் குறித்துக்கொண்டே வந்தவர், கடைசி எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி எதற்கு என்று கேட்டார். நான் உதட்டைச் சேர்த்து மூடிக் காட்டினேன். அவரும் மூடிப் பார்த்தார்.